காகிதத்தில் தம்பி

துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவர் அவர். ஆள் என்னவோ கைக்கடக்கம்தான். ஏணி ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் கீழே நிற்பவர்களுக்குத் தொப்பி மட்டும் தெரியும். ஆனால் வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். அப்பா விட்டுப்போன மாடி வீடு அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இருந்தது. கீழே அவர், மேலே தம்பி. தம்பி கண் ஆஸ்பத்திரியில் மூக்குக்கண்ணாடி தயாரித்து ஓய்வு பெற்றவர்; வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அத்தனை பெரிய மனுஷன், அண்ணன் பேசினால் குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டார்.

ஒருநாள் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. வீட்டை வாடகைக்கு விடாமல் தாங்களே குடியிருந்து, உரிமையாளர்களில் மூத்தவருக்கு அறுபத்தைந்து வயது நிறைந்திருந்தால் வீட்டு வரியில் கால் பங்கு தள்ளுபடி. கிரேன்காரருக்கு அறுபத்தாறு நடந்துகொண்டிருந்தது. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மறுநாளே கிளம்பிவிட்டார்.

மூன்றாவது மாடியில் வரிப் பிரிவு. அங்கிருந்த கிளார்க்கம்மா இருவருடைய சான்றிதழ்களையும் புரட்டிப் பார்த்தாள்.

"சார், உங்களுக்கு இன்னும் வயசாகல. பரவாயில்ல, உங்க அண்ணனுக்கு ஆயிடுச்சு. அவரைக் கூட்டிட்டு வாங்க."

தனக்கு அண்ணனே கிடையாது என்றார் கிரேன்காரர். அவள் தம்பியின் பெயர்மேல் விரலை வைத்துக் காட்டினாள். அவருக்குத் தலை கிறுகிறுத்தது.

விஷயம் இதுதான். அப்பா இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பிறந்த தேதி அவருக்கு நினைவில்லை. ஹெட்மாஸ்டர் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, உயரத்தை வைத்துத் தேதி போட்டுவிட்டார். குள்ளமான அண்ணனுக்கு இரண்டு வயது குறைந்தது, வளர்ந்த தம்பிக்கு ஒரு வயது கூடியது. தன் வயது குறைந்த கதை கிரேன்காரருக்குத் தெரியும். அதன் புண்ணியத்தில் இரண்டு வருஷம் கூடுதலாக வேலை பார்த்தவர். அதெல்லாம் வேலைக்குத்தான், வரிக்கு நிஜ வயதைத்தான் பார்ப்பார்கள் என்று அவராகவே முடிவுகட்டியிருந்தார்.

தேதியைத் திருத்த முடியுமா என்று கேட்டார். தாராளமாக முடியும், பென்ஷன் ஆபீஸுக்கும் ஒரு நகல் போகும் என்றாள் அவள். அவள் நீட்டிய திருத்த மனுவை நாலாக மடித்து அங்கேயே வைத்துவிட்டு இறங்கினார்.

வீட்டில் சொன்னதும் அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப இனிமே கொழுந்தன் வந்தா நான் எழுந்து நிக்கணுமா?" என்றாள். கிரேன்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தள்ளுபடியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நாற்பது வயதுக் கிளார்க் சொல்லி நான் தம்பியாக வேண்டுமா என்று குதித்தார்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த தம்பி விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அண்ணே, அந்தத் தேதியால நீங்க ரெண்டு வருஷம் கூடச் சம்பளம் வாங்குனீங்க. நான் ஒரு வருஷம் முன்னாடியே ரிட்டயராகி வீட்டுக்கு வந்தேன். அப்ப நான் ஏதாவது சொன்னேனா?"

அண்ணன் தள்ளுபடி விண்ணப்பத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். 'இளையவர்' என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்துப் போட அவருக்கு அரைமணி நேரம் பிடித்தது.

தள்ளுபடி கிடைத்தது. அதோடு தம்பிக்கும் கொஞ்சம் தலை நிமிர்ந்தது. 'குடும்பத்தில் மூத்தவர்' என்று நகராட்சி போட்ட கடிதத்தைச் சட்டைப்பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு உலவினார். யாரையும் கேட்காமல் வாசல் கேட்டுக்குப் பச்சை வர்ணம் அடித்தார். கிரேன்காரருக்குப் பச்சையைக் கண்ணிலேயே காட்டக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்வந்தார்.

அடுத்த வருஷம் இன்னொரு கடிதம். மூத்தவர் உயிரோடு இருக்கிறார், அதே வீட்டில் இருக்கிறார் என்பதற்கு வருஷாவருஷம் நேரில் வந்து முகம் காட்ட வேண்டுமாம். லிஃப்ட் ஓடாத மூன்று மாடி. தம்பிக்கோ முழங்கால் வலி.

"அண்ணே, நீங்களே ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்களேன்."

"நான் எப்படிடா போறது? பெரியவங்க செய்யற காரியமாச்சே அது!" என்றார் கிரேன்காரர். ஒரு வருஷமாக அவர் முகத்தில் அப்படியொரு தெளிச்சியை மனைவி பார்க்கவில்லை.

சொன்னாரே தவிர, தனியாக விடவில்லை. ஃபைலை இடுக்கிக்கொண்டு கூடவே ஏறினார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் தம்பியை நிற்கவைத்து, மூச்சு அடங்கியபிறகே அடுத்த படிக்கு விட்டார். மேலே பெஞ்சில் முக்கால்மணி நேரம் காத்திருந்தார்கள்.

"பெரியவர் மட்டும் உள்ள வாங்க" என்று குரல் வந்தது.

கிரேன்காரர் சட்டென்று எழுந்து இரண்டடி வைத்துவிட்டார். தம்பி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி உள்ளே போனார்.