நாற்பதாவது ஃபைல்

ஹேமநாதன் எது எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போடுவான். லீவ் லெட்டரோ மளிகை லிஸ்ட்டோ, மேலே ஒரு ‘உ’ இருந்தாக வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி செய்கிற மெஷின்களின் மேனுவல்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. கம்ப்யூட்டரில் அவன் எழுதும் மேனுவல் ஃபைல்களின் முதல் வரியும் ‘உ’தான். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து எட்டு வருஷமாகக் கிண்டல் செய்கிறேன். கேட்டால்தானே!

பாதுகாப்பு எச்சரிக்கை மாறும்போதெல்லாம் நாற்பது ஃபைல்களிலும் கையால் மாற்றுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இந்த முறை அந்த ஞாயிறன்று அவன் மனைவி சுவேதாவுக்கு வளைகாப்பு. கல்யாணமாகி ஆறு வருஷம் காத்திருந்த வளைகாப்பு. மேனேஜர் சுப்பராயன் கறாராகச் சொல்லிவிட்டார்.

“சனிக்கிழமைக்குள்ள நாற்பதும் முடியணும். ஒண்ணு விட்டாலும் ஞாயித்துக்கிழமை டூட்டி.”

ஹேமநாதன் இந்த வேலையைத் தானாகச் செய்ய ஒரு குட்டி கம்ப்யூட்டர் நிரல், அவன் பாஷையில் ‘லைப்ரரி’, எழுதினான். அது ஒவ்வொரு ஃபைலாகத் திறக்கும், ‘உ’வைத் தேடும், அதன் கீழே இருக்கும் பழைய எச்சரிக்கையை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். சனிக்கிழமை மதியம் ஓட விட்டான். இரண்டே நொடியில் திரையில் ‘முடிந்தது’ என்று வந்தது. எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான்.

டீ ஆறுவதற்குள் சுப்பராயன் வந்தார். “என்னப்பா, பிரஸ் மெஷின்ல பழசே இருக்கு? நாளைக்கு வந்துடு.”

அவன் முகம் செத்துவிட்டது. எழுதிய நிரலை மூன்று தடவை படித்தும் தப்பு தெரியவில்லை. பிரஸ் மெஷின் பகுதியிலிருந்து வந்த அப்துல் ரசாக் பாய் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னா நைனா, இது நா எழ்தினது. மேல பாரு, 786 போட்டுக்கீறேன். இங்க வந்து உன் சுழிய தேடினா எப்டி?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அதுகூடப் பரவால்ல. தேடினது கெடைக்கலைன்னா வாயத் தொறந்து சொல்ல வேணாமா ஒன் லைப்ரரி? கமுக்கமா தாண்டிப் போயி ‘முடிந்தது’ன்னா இன்னா அர்த்தம்?”

அவன் தலையாட்டினான். லைப்ரரியை 786ஐயும் தேட வைத்தான். அடையாளம் எதுவும் கிடைக்காவிட்டால் ‘இன்னும் ஒன்று பாக்கி’ என்று சொல்லி நிற்க வைத்தான். ஐந்து மணிக்கு நாற்பதும் சரியாக வந்தன. சுப்பராயனே கைகொடுத்து அனுப்பினார்.

மறுநாள் கோவில்பதாகையில் அவன் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுவேதாவுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் போட்டார்கள். “அவ்ளோதான், ஆரத்தி எடுங்க” என்றாள் அவளுடைய அத்தை.

ரசாக் பாயின் மனைவி ஜமீலா ஒரு டஜன் பச்சை வளையலுடன் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அவராக முன்னே வரவும் தயங்கினார். நான் பார்த்தேன். நேற்று அத்தனை வாய் பேசிய நான், சும்மாதான் நின்றேன்.

பின்னாலிருந்து ஹேமநாதன் கத்தினான். “இருங்க, இருங்க! இன்னும் ஒருத்தர் பாக்கி! ஜமீலாக்கா, வாங்க!”

சுவேதா ஏற்கெனவே கையை நீட்டியிருந்தாள்.