டிரம் நிறைந்திருந்தது, நான் சாமை வாங்கப் போனேன்

நேற்று காலை எழுந்ததும் முதலில் செய்தது, மூன்றாம் குடிலுக்குப் பின்னால் போய் நீல டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்ததுதான். விளிம்புவரை நிறைந்திருந்தது. மூடிவிட்டு, சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன். மணி நான்கரை. என் கணவர் ரவியை எழுப்பி, "கல்வராயன்மலைக்குப் போய்ச் சாமை வாங்கிட்டு வரேன்" என்றேன். அது பாதிப் பொய்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, உப்பங்கழியில் ஒரு சின்னத் தீவில் நாங்கள் இருவரும் ஏழு வருடமாக ஐந்து ஓலைக் குடில்கள் வைத்துத் தங்குமிடம் நடத்துவது இங்கே தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். சூரிய மின்சாரம், மழைநீர்ச் சேமிப்பு; பிளாஸ்டிக் கிடையாது. எல்லாவற்றையும்விட நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டது உலர் கழிப்பறையைத்தான். தீவில் மூன்றடி தோண்டினால் தண்ணீர். செப்டிக் டேங்க் கட்டினால் கசிவு நேராகக் கழியில் கலக்கும்; இறால் குஞ்சுகள் வளர்வது அங்கேதான். அதனால் கழிப்பறைக்குக் கீழே டிரம். போய் முடித்ததும் தண்ணீருக்குப் பதில் ஒரு கை தென்னைநார்த் தூளும் சாம்பலும் போட வேண்டும். நிறைந்த டிரம்மைத் தீவின் தென்கோடிக்கு உருட்டிக்கொண்டு போய் ஆறு மாதம் மூடிவைத்தால் எரு. நாற்றமே இல்லை என்று விருந்தினர்கள் வியந்து எழுதுவார்கள். யாரோ ஒருவர் நாள் தவறாமல் பார்த்துக்கொள்கிறவரை நாற்றம் வராதுதான்.

அந்த யாரோ ஒருவர், மலர். (பெயரை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்தப் பதிவில் படங்களும் இல்லை.) என் வயதுதான், நாற்பத்தாறு. கல்வராயன் மலையடிவாரத்தில் நிலமில்லாத கூலிக் குடும்பம். நான்கு வருடம் எங்களிடம் வேலை செய்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை. அவருக்குப் பதில் வந்த ஆள் ஒரே நாளில் படகேறிப் போய்விட்டார். சனிக்கிழமைக்கு ஐந்து குடில்களும் பதிவாகியிருந்தன. மலரைத் திரும்பக் கூட்டிவருவதுதான் என் பயணத்தின் மறுபாதி. அதை ரவியிடம் ஏன் சொல்லவில்லை என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

படகில் கரைக்கு இருபது நிமிடம். சிதம்பரத்தில் 6.10 பேருந்து. விருத்தாசலம்வரை 35 ரூபாய், அங்கே மாறி கள்ளக்குறிச்சிக்கு 50 ரூபாய். வழக்கமாக ஒன்பதரைக்குப் போய்ச் சேரலாம். தனி இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருக்கிற நாட்கள் இவை. கள்ளக்குறிச்சிக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால் சாலை மறியல். வண்டி ஒன்றரை மணி நேரம் நின்றது. "எறங்கி நடக்கறவங்க நடக்கலாம், ஒக்காந்து தூங்கறவங்க தூங்கலாம். ரெண்டுக்கும் டிக்கெட் ஒண்ணுதான்" என்றார் நடத்துநர். நான் தூங்குகிற கூட்டத்தில் சேர்ந்தேன்.

கள்ளக்குறிச்சியில் வாடகைக் கார் எடுத்தேன். மலைக்குப் போய்வர, டீசல் உட்பட 2,500 ரூபாய். ஓட்டுநர் சேகர் பேச்சுக்காரர். "மறியல்ல ஒக்காந்துகினு இருக்கறது எங்க ஆளுங்கதான் மேடம். எம்பையன் பன்னெண்டாவது. நானும் போயி ஒக்காரணும். ஆனா எல்லாரும் ரோட்ல ஒக்காந்துட்டா உங்கள மலைக்கு யாரு ஏத்தறது?" கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் மலைப்பாதை. வெள்ளிமலைவரை எங்கள் மீட்டரில் 44 கிலோமீட்டர். வளைவுகளில் தலை சுற்றுபவர்கள் முன்னிருக்கையில் உட்காருங்கள். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம்.

வெள்ளிமலை சேரும்போது பன்னிரண்டே முக்கால். உச்சி வெயிலிலும் காற்று குளிர்ந்திருந்தது. ஒரு வீட்டில் குத்திய சாமை அரிசி கிலோ 90 ரூபாய் என்று இருபத்தைந்து கிலோ வாங்கினேன். எங்கள் உணவுப் பட்டியலில் சாமைப் பொங்கலுக்கு நேரே 'மலை மக்களின் அன்றாட உணவு' என்று நானே எழுதிவைத்திருக்கிறேன். அந்த நினைப்பில், "நீங்க சாமையை எப்படிச் சமைப்பீங்க?" என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "நாங்களா? எங்களுக்கு ரேஷன் அரிசிதாங்க. சாமையெல்லாம் உங்களாட்டம் சர்க்கரை இருக்கறவங்க துன்றது" என்றார். எனக்குச் சர்க்கரை இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை.

கரியாலூரில் அரை மணி நேரம் நின்று சாப்பிட்டோம். பக்கத்து அருவியில் தண்ணீர் கம்மி. அருவி பார்க்கவே வருகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினோம். எங்களிடம் வேலை பார்த்தவரைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று வழியில் சேகரிடம் சொன்னேன். மலரின் ஊர் வந்ததும் சேகர் காலனி முனையிலேயே வண்டியை நிறுத்தினார். "நீங்க போயிட்டு வாங்க மேடம், நான் இங்கியே நிக்கறேன்." தெருவுக்குள் கார் போகிற அகலம் இருந்தது. ஒரு பெண் அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். சேகர் வேண்டாம் என்று கையசைத்து, தன் பாட்டிலைத் திறந்து குடித்தார். மனதுக்குள் அவரை ஒரு மாதிரி எடைபோட்டுவிட்டு நடந்தேன். அந்த எடைக்கல்லை எனக்கும் வைத்துப் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மலரின் வீட்டு வாசலில் அவருடைய கொழுந்தனார் மனைவி செல்வி விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தார். "யக்கோவ், போட்டோ புடிக்கறவங்க வந்துக்கிறாங்க. பவுடரு போட்டுக்கினு வா!"

எந்தப் படம் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. பொங்கலுக்கு முந்தின வாரம் இந்தப் பக்கத்தில் மலரைப் பற்றி ஒரு பதிவு போட்டிருந்தேன். கையுறை போட்டு, டிரம்மின் மேல் ஒரு கை வைத்துச் சிரிக்கிற படம். 'எங்கள் தீவின் உண்மையான நாயகி' என்று தலைப்பு. உங்களில் பலர் பாராட்டியிருந்தீர்கள்.

மலர் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். "இன்னா மேடம், இவ்ளோ தூரம்?"

"நீ வரவே இல்ல, ஃபோனும் எடுக்கல. உடம்பு சரியில்லையோன்னு..." என்றேன்.

"ஒடம்புக்கு இன்னா? நல்லாத்தான் கீறேன்." நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"அந்தப் படத்தாலயா?"

"ஊர்ல நான் சமையல் வேலைன்னு சொல்லிக்கினு இருந்தேன் மேடம். எம்புருசனுக்கே அதான் தெரியும். கொரோனாவுல மூடுன பள்ளிக்கூடத்த இப்ப தொறக்கப் போறாங்களாம். சத்துணவு சமையலுக்கு ஒதவியாளு எடுக்கறாங்க, எம்பேரும் இருந்துச்சி. ஊருக்குள்ள நாலு பேரு அந்தப் போட்டோவ செல்லுல வச்சிகினு எச்செம் கிட்ட போயிட்டாங்க. பீ வார்ன கையால எங்க புள்ளிங்களுக்குச் சோறான்னு." குரல் உயரவில்லை. "திங்கக்கெழமை முடிவு சொல்றாங்களாம்."

"இப்பவே அதை எடுத்துடறேன்" என்று தொலைபேசியை எடுத்தேன். சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. பதிவு நீங்கும்வரை இருவரும் அந்தச் சிறிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எடுங்க. அவங்க செல்லுல கீறத யாரு எடுக்கறது?" என்றார். பிறகு, "சிரின்னு சொன்னீங்க, சிரிச்சேன். பொங்கலுக்குப் போறமே, வூட்ல மாட்ட ஒரு படம் குடுப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"அவங்க வூட்டு டிரம்முதானே? அவங்க போட்டோவ போட்டுக்கறது" என்றார் செல்வி, விறகைப் பார்த்து.

தலைமையாசிரியரை நானே பார்த்துப் பேசுகிறேன் என்றேன். மலர் அவசரமாகத் தடுத்தார். "அய்ய, வேணாம் மேடம். நீங்க போயி நின்னா, ஆமா இவதான்னு சாட்சி சொன்னாப்பல ஆயிடும். ஒண்ணு பண்ணுங்க. ஒரு லெட்டர் குடுங்க. உங்ககிட்ட சமையல்ல இருந்தேன்னு."

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. இந்தப் பதிவில் எழுதக் கடினமாக இருப்பது இந்த இடம்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் சமையலறையில் ஒருவர் நின்றுவிட்டபோது, "நான் வரட்டா மேடம்?" என்று மலர் கேட்டார். "டிரம் வேலை பார்க்கறவங்க சமையலறைக்கு வரக்கூடாது மலர். சுகாதாரம்" என்று சொல்லிவிட்டேன். அதை அட்டையில் எழுதி சமையலறைக் கதவில் ஒட்டியதும் நான்தான். வேறு ஆளை டிரம்முக்கு வைத்துக்கொண்டு அவரைச் சமையலுக்கு மாற்றியிருக்கலாம். அந்த யோசனையே எனக்கு வரவில்லை. தென்கோடியில் தனி அடுப்பு வைத்து, தனித் தட்டில் சாப்பிட்டார். என் தாத்தா வீட்டில் இதற்கு வேறு பெயர் இருந்தது. நான் சுகாதாரம் என்று பெயர் வைத்தேன், அவ்வளவுதான். இப்போது அவர் கடிதம் கேட்கும்போது, அது உண்மையில்லையே என்று எனக்குத் தயக்கம். சாப்பிடாதவர்கள் பெயரில் அவர்களுடைய அன்றாட உணவு என்று சாமைப் பொங்கல் விற்கிற எனக்கு.

மலர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "நாலு வருசம் எனக்கு நானே ஆக்கித் துன்னேனே மேடம், அது இன்னா? சமையலு இல்லியா?"

பயணக் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தொடையில் வைத்து எழுதினேன். 'மலர் அவர்கள் எங்கள் தங்குமிடத்தில் நான்கு ஆண்டுகள் சமையல் பணியில் இருந்தார்.' 'அவர்கள்' என்று அவரை நான் குறிப்பிட்டது அதுவே முதல் முறை. படித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். "கையெழுத்து நல்லா தெரியற மாதிரி போடுங்க" என்றார், போட்டேன். திரும்ப வருகிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்டால் கடிதத்துக்கு விலை கேட்ட மாதிரி இருந்திருக்கும்.

காருக்கு வந்தபோது மணி ஐந்து பத்து. "வர்றாங்களா மேடம்?" என்றார் சேகர். இல்லை என்றேன். "அதான் மூஞ்சியே சொல்லுதே" என்று வண்டியைக் கிளப்பினார்.

இரவு கள்ளக்குறிச்சியிலேயே தங்கிவிட்டேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அறை 600 ரூபாய், சுத்தமாக இருந்தது. இன்று காலை அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நேற்று காரில் வரும்போது, இனி டிரம் வேலையை நானே செய்துவிடுவது என்று நினைத்தேன். அந்த நினைப்பே எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. நான் செய்தால் நீங்கள் கைதட்டுவீர்கள். முதலாளியம்மா தன் கையால் செய்கிறார் என்று எங்கள் பெயர் கூடும். அதே டிரம் அவரை ஒரு பள்ளிக்கூட அடுப்பிலிருந்து விலக்கிவைக்கும், எனக்கு விருந்தினர்களைக் கொண்டுவரும். என் கை வேறு, அவர் கை வேறு என்றிருக்கிற ஊரில் நான் கையுறை மாட்டிக்கொள்வதால் எதுவும் நேராகிவிடாது. நான் ஓய்ந்துபோனால் மறுபடியும் ஒரு மலரைத்தான் தேடிப் போவேன்.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு: மறியல் இருக்குமா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் இல்லை, கையில் சில்லறை இருக்கட்டும். வெயில் காலத்திலும் ஒரு சால்வை வேண்டும். சாமையைக் கடைகளைவிட வீடுகளில் வாங்குங்கள். யாரையாவது படம் எடுத்தால், அதை எங்கே போடப்போகிறீர்கள் என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டு எடுங்கள். எங்களைப் போன்ற தங்குமிடங்களுக்குப் போனால், கழிப்பறையின் பின்பக்கம் யார் போகிறார், அவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று உரிமையாளரைக் கேளுங்கள். எங்களிடம் ஏழு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

சற்று முன் ரவி அழைத்தார். சாமை கிடைத்ததா என்று கேட்டார், கிடைத்தது என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. செப்டிக் டேங்கைத் தீவு தாங்காது. டிரம்மை இன்னொருவர் தலையில் கட்ட இனி என்னால் ஆகாது. குடில்களை மூடிவிடலாம், படகும் சமையலறையும் இருக்கட்டும். பகலில் வருகிறவர்கள் வந்து, மீன்குழம்பு சாப்பிட்டு, கழியைச் சுற்றிப் பார்த்து, மாலை ஐந்து மணிப் படகில் கரைக்குத் திரும்பட்டும்; கழிப்பறை இனி கரையில்தான். எங்கள் வருமானத்தில் முக்கால் பங்கு இதனால் போகும். ரவிக்கு இது தெரியாது, படகோட்டிக்கும் சமையல்காரருக்கும் தெரியாது. நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். அதுவரை இந்தப் பதிவை வெளியிட மாட்டேன். சனிக்கிழமையிலிருந்து எங்கள் தீவில் இரவு யாரும் தங்கப்போவதில்லை.