சவரிமுத்து விட்டுவைத்த காலி இடம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்காக்கிலிருந்து வந்த பஸ் ஓட்டுநர் எங்கள் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, நம்ம சவரிமுத்து போயிட்டாரு" என்றார். மகள் வீட்டில் காலைக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்ததாம். கடைசியாக யாரிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தாரோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவரை அறிந்த உங்களுக்கு இது விநோதமாகப் படாது. கேள்வி இல்லாமல் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

ஜொகூர் பாருவில் பொம்மை இறக்குமதி செய்யும் கடையில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் விற்பனை, அவர் அலங்காரம். ஒரு வருடம் சரக்கு தேங்கிக் கிடந்தது. ஊரில் நடக்கவிருந்த பொருட்காட்சியில் நாங்கள் போடும் ஸ்டாலுக்கு வரும் வெளியூர் வியாபாரிகள் ஆர்டர் கொடுக்காவிட்டால் பொம்மை வியாபாரத்தையே மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். எங்கள் பிழைப்பு அந்த ஒரு ஸ்டாலை நம்பி நின்றது.

சவரிமுத்து பெக்கான் நானாஸிலிருந்து அன்னாசிப் பெட்டிப் பலகைகளை வாங்கி வந்து மலை, பாலம், ரயில் பாதை எல்லாம் கட்டினார். சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயிலும் மேளம் தட்டும் குரங்கும் இடம் பிடித்தன. நட்டநடுவில், விளக்குக்கு நேர் கீழே, வைக்கோல் பரப்பிய சிறு மேடை மட்டும் வெறுமையாக இருந்தது. "இங்க என்ன வரப் போவுது?" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். மாதா கோயிலில் வருடாவருடம் கிறிஸ்துமஸ் குடில் கட்டும் கை அது. குடிலில் குழந்தை இயேசுவைப் பூசை நேரத்தில்தான் வைப்பார்கள். அதுவரை நடு இடம் காலியாக இருக்கும். பழக்க தோஷத்தில் இங்கேயும் அப்படியே விட்டிருக்கிறார். வைப்பதற்கு ஒன்றும் இல்லை.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் பொருட்காட்சி திறந்ததும் வந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தைத்தான் பார்த்தார்கள். தங்காக் துணிக்கடைக்காரர் ஒருவர், "அலமாக், நடுவுல ஒண்ணையும் காணோமே லா" என்று வியந்தார்.

"நீங்களே சொல்லுங்க, என்ன வந்தா நல்லாருக்கும்?" என்றார் சவரிமுத்து.

"எங்க ஊருப் பிள்ளைங்களுக்கு அந்தக் குரங்குதான்."

நான் ஆர்டர் எழுதத் தொடங்கினேன். அடுத்து வந்தவர் ரயிலைச் சொன்னார். யாரையும் வாங்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாலையில் முதலாளி விலை உயர்ந்த ஜெர்மனி பொம்மை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இத நடுவுல வை. காலியா போட்டா சிரிப்பாங்க."

"வச்சிட்டா யாரும் கேக்க மாட்டாங்க முதலாளி" என்றார் சவரிமுத்து.

"வைக்கலன்னா நாளைக்கு நீ வர வேணாம்."

சவரிமுத்து பொம்மையைக் கையில் வாங்கிக்கொண்டு, "நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப இங்க எது வரணும்னு ஆசப்பட்டிருப்பீங்க?" என்று கேட்டார்.

மாசாய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் முதலாளி. அந்த வைக்கோலையே பார்த்துக்கொண்டு நின்றார். "மரக்குதிரை" என்றார் கடைசியில். "அப்பாகிட்ட கேக்கவே பயம்." பிறகு பொம்மையைத் திரும்ப வாங்கித் தானே அதன் பெட்டிக்குள் வைத்தார். நடு இடம் காலியாகவே இருந்தது.

வியாபாரம் மூடப்படவில்லை. அடுத்த கப்பலில் முதலாளி வரவழைத்த மரக்குதிரைகள் வந்தன. அவற்றை மட்டும் எந்த வியாபாரியும் கேட்கவில்லை.

ஸ்டாலைப் பிரித்த அன்று சவரிமுத்து அதே கேள்வியை என்னிடமும் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்ன நிறம், எவ்வளவு பெரிசு, சத்தம் போடுமா என்று கேட்டுக்கொண்டே பலகைகளைக் கட்டினார். இன்றும் கடைக்கு யார் வந்தாலும் விலை சொல்லும் முன், சின்ன வயதில் எதற்கு ஆசைப்பட்டீர்கள் என்று அவர் கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது. அன்று நான் சொன்ன பதில் என் மனைவிக்குக்கூடத் தெரியாது. சவரிமுத்துவுக்குத் தெரிந்திருந்தது. இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.