ஞானம்மாள் மிஸ்ஸி போட்ட பதினோரு ஊசிகள்

என் கையெழுத்தைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். செம்பவாங் மாலை வகுப்பில் எழுதப் பழகி எட்டு மாதம்தான் ஆகிறது. வரிகள் மேலே ஏறும், கீழே இறங்கும். ஒரு பக்கம் முடிக்க எனக்கு ஒரு முழு மாலை வேண்டும். அறுபத்திரண்டு வயதில் நானே எழுதுகிறேன் என்ற மகிழ்ச்சியை மறைக்க முடியவில்லை. நம் பழைய ஆட்களுக்கு எழுத வேண்டியிருப்பதோ துக்கச் செய்தி.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சிராங்கூன் சாலைக் காப்பிக்கடையில் செய்தித்தாளை விரித்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். கட்டம் போட்ட ஓர் அறிவிப்பில் எழுத்துகள் பெரிதாக இருந்தன. அதனால் அதைத் தேர்ந்தெடுத்தேன். “ஞா… ன… ம்மாள். ஓய்வுபெற்ற தாதி. இன்று மாலை நல்லடக்கம்.” ஓர் எழுத்தும் தடுக்கவில்லை. யாராவது பாராட்டுவார்கள் என்று நிமிர்ந்தேன். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த காதர் பாய் கையை நிறுத்தியிருந்தார்.

“முத்தண்ணே, அது நம்ம மிஸ்ஸியில்ல?”

வாயால் படித்தது அப்போதுதான் மனத்துக்குள் போனது.

எங்கள் வட்டாரத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் தாதியை மிஸ்ஸி என்போம். ஞானம்மாள் மிஸ்ஸி சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை பார்த்தார். அங்கே ஊசி போட்டுக்கொண்ட எல்லாருக்கும் அவரைத் தெரியும். அவர் போட்டால் வலிக்காது என்று வரிசையில் நம் முறையை மற்றவருக்கு விட்டுக்கொடுத்துக் காத்திருப்போமே, நினைவிருக்கிறதா? “ஊசி குத்துறப்போ ஆறுதல் சொல்லி என்ன புண்ணியம், அதுக்கு முன்னாடி சொல்லணும்” என்பார்.

ஐம்பத்தாறாம் ஆண்டு என் மகன் கோபாலை அவரிடம் அழைத்துப்போனேன். அவனுக்குப் பத்து வயது, வகுப்பிலேயே குள்ளம். நானும் குள்ளம்தான். கப்பல் பட்டறைக் காவல் வேலைக்குப் போனபோது இரண்டு அங்குலம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அளவெடுத்த நம் ஆளே, “நாற்காலியையும் கூடவே தூக்கிட்டு வாய்யா, ஏறி நிக்கலாம்” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கப்பலுக்குச் சாயம் பூசும் வேலைதான் எனக்குக் கிடைத்தது. என் மகன் அந்த அளவுக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்பதே என் ஒரே ஆசை. டாக்டர் வளர்ச்சி ஊசி எழுதிக்கொடுத்தார். ஆண்களின் உடம்பில் ஊறும் சத்து என்றார். இரண்டு வாரத்துக்கு ஒன்று.

வளர்ந்தான். நாலே மாதத்தில் கால்சட்டை மேலே ஏறியது. பிறகு குரல் உடைந்தது. மேலுதட்டில் மீசை அரும்பியது. பத்து வயதில் மீசை! முடிதிருத்தும் கடையில் அவனுக்கு முதல் சவரம் செய்வித்து, வரிசையாக ஒட்டியிருந்த எங்கள் லைன் வீடுகளில் வீட்டுக்கு வீடு லட்டு கொடுத்தேன்.

“என்னடா கோபாலு, பொண்ணு பாக்கலாமா?” என்று பக்கத்து வீட்டுச் சின்னையா கேலி செய்தார். கோபால் சிரிக்கவில்லை. முகமெல்லாம் பரு, தொட்டதற்கெல்லாம் கோபம், கூட விளையாடும் பிள்ளைகளை அடித்தான். அதையும் நான் வீரம் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாவது ஊசிக்குப் போனபோது மிஸ்ஸி அவன் முகவாயைத் தொட்டுப் பார்த்தார்.

“என்னண்ணே இது, கத்தி பட்டிருக்கு?”

“மீசை வந்துடுச்சு மிஸ்ஸி!” என்றேன் பெருமையாக.

அவர் ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டு டாக்டர் அறைக்குள் போனார். உள்ளே குரல்கள் உயர்ந்தன. வெளியே வந்து, “இன்னிக்கு ஊசி இல்ல, வீட்டுக்குப் போங்க” என்றார். அன்றோடு அந்தக் கிளினிக்கில் அவருக்கு வேலையும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் செம்பவாங்கில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அண்ணே, எலும்பு நுனியில குருத்து இருக்கு. அது இருக்கிற வரைக்கும்தான் உசரம். இந்த ஊசி அதை அவசரமா முத்த வச்சிடும். பிஞ்சுல பழுத்தா வெம்பித்தான் போவும்.”

“மூணு அங்குலம் வளந்திருக்கானே!”

“இப்ப வளருவான். அப்புறம் நின்னுடும். ஊசியே போடாம இருந்தா வர்ற உசரம்கூட வராது. அவன் ஒங்க புள்ள, ஒங்க அளவுக்காவது வரட்டும். விட்டுடுங்கண்ணே.”

என் அளவு! அதுதான் என்னைச் சுட்டது. அதுவரை மரியாதையாகப் பேசிய என் வாய் மாறியது.

“டாக்டருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமோ? புள்ள பெத்திருந்தாத்தானே தெரியும்!”

 மிஸ்ஸி என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்தார், செம்பைத் திருப்பிக் கொடுத்தார், போய்விட்டார்.

இனி எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது.

மறு வாரமே கோபாலை வேறொரு கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். மிஸ்ஸி சொன்னதைப் பற்றி அங்கே வாய் திறக்கவில்லை. ஒரு வருடம், இருபத்தாறு ஊசிகள். பிறகு வளர்த்தி நின்றது. கடைசி நாலைந்து ஊசிக்கு உடம்பு அசையவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். பதினேழு வயதுப் பையனின் எலும்பு, இனி வளராது என்றார்கள். அவனுக்கு அப்போது வயது பன்னிரண்டு. இன்று அவன் என்னைவிட நாலு அங்குலம் குறைவு.

என்ன ஆயிற்று என்று லைன் வீடுகளில் கேட்டார்கள். “மிஸ்ஸி போட்ட ஊசி” என்றேன். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பிறகு அவர் பிள்ளைப்பேற்று நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் பக்கத்துப் பெண்கள் “அந்த மிஸ்ஸியா? வேணாம்மா” என்று வேறு இடம் தேடிப் போனார்கள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நாலைந்து வருடத்துக்கு முன்பு தேக்கா சந்தையில் என்னையும் கோபாலையும் மிஸ்ஸி பார்த்தார். கோபாலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அந்தப் பதினோரு ஊசியும் என் கையாலதான் போட்டேன். முதல் ஊசியிலேயே டாக்டர்கிட்ட கேட்டிருக்கணும், கேக்கல. மன்னிச்சிடுய்யா.”

“ஐயோ, விடுங்க மிஸ்ஸி” என்று அவன் கூச்சப்பட்டான். நான் கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே நின்று பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

நல்லடக்கத்துக்குப் போயிருந்தேன். காத்தோங்கில் இருக்கும் அவர் தங்கை என்னை அடையாளம் கண்டு, “அக்கா கடைசி வரைக்கும் ஒங்க மவனைப் பத்தியே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நாந்தான் அந்தப் புள்ளையக் கெடுத்துட்டேன்னு அழுவாங்க” என்றார். அங்கேயும் என் வாய் திறக்கவில்லை. அதனால்தான் கை எழுதுகிறது. அவரை அறிந்தவர்களே, பதினொன்று அவர் போட்டது, டாக்டர் சொல்லி, அறியாமல். இருபத்தாறு நான் போடவைத்தது, அவர் கெஞ்சிய பிறகு, அறிந்தே. நிறுத்தச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதற்காக வேலையை இழந்தவரும் அவர்தான். இனி யாரும் அவர்மேல் பழி சொல்லக் கூடாது.

ஊசியைக் கையில் எடுத்ததும் அவர் பெற்றவர்களைப் பார்க்க மாட்டார். பிள்ளையின் முகத்துக்கு நேராகக் குனிந்து, “போடட்டுமா ராசா?” என்று கேட்பார். “ஒடம்பு அதோடதுண்ணே, அதைத்தானே கேக்கணும்” என்பார். ஒவ்வொரு முறையும் கோபால் என்னைத் திரும்பிப் பார்ப்பான். ஒவ்வொரு முறையும் நான்தான் “போடுங்க” என்பேன். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான்.

போன ஞாயிறு கோபாலிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  பிறகு நான் கேட்டேன்.

“ஒனக்கு உசரமா வளரணும்னு ஆசை இருந்துச்சாய்யா?”

“எனக்கு ஊசிக்குத்தான் பயம்ப்பா” என்றான். “குள்ளமா இருக்கிறது ஒங்களுக்குத்தான் பயம்.”

அடுத்த வாரம் மிஸ்ஸியின் தங்கைக்கும் இந்த உண்மையை எழுத உட்காருவேன். கோபாலே காத்தோங்குக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.