போதனாசிரியர் வீட்டு மாமரம்

சுபாங்கன் விவசாயப் போதனாசிரியன். கிழட்டு மாமரங்களைக் கத்தரித்து மறுபடி காய்க்கவைப்பது பற்றி வலிகாமத்தில் அவன் பேசாத ஊர் இல்லை. ஆனால் இணுவிலில் அவனுடைய வீட்டு வளவிலேயே ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் கூரையை மூடி வளர்ந்து, உச்சியில் மட்டும் காய்த்து, வௌவால்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தது. மரம் நின்றது மனைவி மதுராவின் சீதனக் காணியில். அதைத் தொட அவள் விடவில்லை.

சண்டிலிப்பாய் வகுப்பொன்றில் தோட்டம் செய்யும் சின்னத்தங்கம் அக்கா எழும்பினார்.

“தம்பி, உங்கடை வீட்டு மரத்தைக் கண்டனான். அது பாடத்திலை இல்லையோ?”

எல்லோரும் சிரித்தார்கள். ரோசம் வந்த சுபாங்கன், அடுத்த செய்முறை வகுப்பு தன் வீட்டில்தான் என்று அறிவித்துவிட்டான். ஆட்களுக்கு முன்னால் மதுரா மறுக்கமாட்டாள் என்று நினைத்தான்.

வகுப்பு நாளன்று மதுரா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு மரத்தடிக்கு வந்து, வெட்டவேண்டிய கொப்புகளில் அவன் வெண்கட்டியால் போட்ட அடையாளங்களைக் கைலேஞ்சியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

“உது உடுப்புக் கொடிக்கு நிழல்.”

“உடுப்புக்கு என்னத்துக்கு நிழல்?”

“வெளிறாமல் இருக்க.”

“அப்ப இது?”

“அதிலை செண்பகம் கூடு வைக்கும்.”

கடைசியில் குசினிக்கு மேலே நின்ற கொப்பு ஒன்றுதான் மிஞ்சியது. அதற்கு அவளுக்குக் காரணம் அகப்படவில்லை. பட்டை கிழியாமலிருக்க முதலில் கீழ்ப்பக்கம் சற்று அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்தான் சுபாங்கன். கொப்பு விழுந்தது. மதுரா உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. சண்டை வரப்போகிறதென்று சின்னத்தங்கம் அக்கா செருப்பைத் தேடினார்.

மதுரா வாசலுக்கு வந்தாள்.

“இஞ்சருங்கோ, குசினிக்குள்ளை வெயில் விழுது. இவ்வளவு காலமும் பகலிலை லைற் போட்டெல்லோ சமைச்சனான். மற்றக் கொப்புகளையும் வெட்டுங்கோ.”

“ஒரேயடியா வெட்டினால் மரம் தாங்காது. மிச்சம் வாற வருசம்.”

“வாற வருசமோ? உவ்வளவு பேரையும் கூப்பிட்டு வைச்சிட்டு ஒரு கொப்போ?”

சாப்பிடும்போதும் அதே கதை. மறுநாள் சுபாங்கன் கொப்பு அறுத்த வாளைத் தான் வேலை செய்யும் கந்தோருக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டினான்.

வெட்டிய இடத்துக்குக் கீழே செந்தளிர் வந்தபோது, வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் மதுரா கூட்டிப்போய்க் காட்டினாள்.

“நான் எல்லாத்தையும் வெட்டச் சொன்னனான். இவர் சரியான பயந்த ஆள்.”

சுபாங்கன் பக்கத்தில் நின்று தலையாட்டுவான். மரம் தப்பினால் போதுமென்று இருந்தது அவனுக்கு.