மூன்றாம் மாடி ஏறிய தபாற்காரன்

தபாற்காரர்களில் இரண்டு விதம் உண்டு: நடந்து மெலிகிறவன், இருந்து கொழுக்கிறவன். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் நான் இரண்டு விதமாகவும் இருந்து பார்த்துவிட்டேன். காற்சட்டைப் பொத்தானோடு தினமும் மல்லுக்கட்டும் அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கதிரை தந்த வயிறு

நாலு வருடம் தெருத்தெருவாய் நடந்து கடிதம் கொடுத்தவனை, தபால் கந்தோருக்குள் ஆள் போதவில்லையென்று தெருவாரியாகக் கடிதம் பிரிக்கிற வேலைக்கு இருத்தினார்கள். கதிரை, மின்விசிறி, பத்து மணிக்குத் தேநீரும் பணிசு ரொட்டியும். வீட்டுச் சாப்பாடு பழையபடிதான். நடை மட்டும் நின்றுபோனது. ஒன்றரை வருடத்தில் என் சீருடைக் கோட்டைப் பூட்ட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அதுவரை என் வேலை நிரந்தரமாகவில்லை. அதற்கு அரசாங்க டாக்டரின் சான்று வேண்டும். டாக்டரோ மூன்றாம் மாடியில் இருந்தார். ஏறிப்போய் நின்றேன். பெயரைக் கேட்டார். பெயர் வரவில்லை, மூச்சுத்தான் வந்தது. வீட்டில் மனைவி பாக்கியம் ஐந்து மாதக் கர்ப்பிணி. வேலை போய்விடும் என்ற பயத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “மூண்டு மாசம் தாறன். திரும்பி வரேக்கை இந்தப் படியை ஏறிப்போட்டு என்னோடை கதைக்க ஏலுமெண்டால் வேலை. ஏலாட்டி வேறை வழி பாரும்.”

நின்றுகொண்டு தின்ற வடை

மறுநாளே கெஞ்சிக் கூத்தாடிப் பழைய தெருக்களை வாங்கிக்கொண்டேன். காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகள் அவ்வளவும் எனக்கு. ஒன்றில் இறங்கி, திரும்பி ஏறி, அடுத்ததில் இறங்கவேண்டும். முதல் வாரம் கால் வீங்கியது. இரண்டாம் வாரம் பசி வந்தது. பசி வந்தால் வெள்ளவத்தையில் வடையும் தானாக வரும். மலாயாவில் மகன் உத்தியோகம் பார்க்கும் ஒரு வீட்டு அம்மா, கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் தட்டோடு வாசலில் நிற்பார்.

டாக்டர் சொன்னதையெல்லாம் அவரிடம் விவரமாகச் சொன்னேன். வடை வேண்டாம் என்று கும்பிட்டும் பார்த்தேன். என் வேலையை நினைத்து அவருக்கு உண்மையாகவே கவலை வந்துவிட்டது. கதிரையைப் பின்னுக்கு இழுத்துவிட்டுச் சொன்னார்: “அப்ப இருக்காதையும் தம்பி. நிண்டுகொண்டு சாப்பிடும், உடம்பிலை ஒட்டாது.”

தபால் பையும் தராசும்

வெள்ளவத்தை ஸ்டேசனில் பொதி நிறுக்கும் தராசு ஒன்று இருந்தது. காலை ரயிலில் வரும் தபால் பையை எடுக்கப் போகும் நாட்களில் அதில் ஏறிப் பார்ப்பேன். பையைக் கந்தோரில் ஒப்படைக்கும்வரை தோளைவிட்டு இறக்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். அதனால் பையோடுதான் ஏறுவேன். பைக்கென்று பத்து இறாத்தலை மனதால் கழித்துக்கொள்வேன். ஒரு வாரம் திடீரென்று ஒன்பது இறாத்தல் கூடிவிட்டது.

உலகமே இடிந்துவிட்டது. மூன்று நாள் இராச்சாப்பாட்டை விட்டேன். நாலாம் நாள் ஸ்டேசனிலேயே தலை சுற்றி, விழாமல் தூணைப் பிடித்துக்கொண்டேன். அங்கே மூட்டை தூக்கும் சிங்களவர் ஒருவர் ஓடிவந்து தாங்கினார். கதையைக் கேட்டார். என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். அது மலாயாக் கப்பல் வந்த வாரம்; பை முட்ட முட்டக் கடிதம். கொழும்புத் தமிழில் நிதானமாகச் சொன்னார்: “மல்லி, தம்பி, நீ கொழுக்க இல்லை. பைதான் கொழுத்திருக்கு. பின்னேரம் வெறுந்தோளோட வா, நிறுத்துப் பார்ப்போம்.”

வாய் ஓயாத பரிசோதனை

மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் முதலில் நிறுத்தார். குறைந்தது மூன்றே மூன்று இறாத்தல். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அளவு நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றினார். அது நாலு அங்குலம் இறங்கியிருந்தது. கொழுப்புப் போன இடத்தைக் காலில் ஏறிய சதை நிரப்பிவிட்டது, அதனால்தான் தராசு அசையவில்லை என்றார். எனக்கு அது விளங்கியதோ இல்லையோ, கழுத்தை நெரித்த கயிறு தளர்ந்த மாதிரி இருந்தது.

“கீழே போய் ஏறி வாரும்” என்றார். போனேன், ஏறினேன், வந்தேன். “இனிக் கதையும்” என்றார். மூன்று மாதமாய் அடக்கி வைத்த பயமெல்லாம் அப்போது வாய் வழியாக வெளியே வந்தது. ஒழுங்கை ஒழுங்கையாய், வீடு வீடாய், எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் கலியாணம் என்று கொட்டினேன். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. டாக்டர் சான்றில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: “ஓம், ஓம், மூச்சு நல்லாய் இருக்குது. இப்ப தயவுசெய்து நிப்பாட்டும்.”

அன்பர்களே, நிறையில் மூன்றே மூன்று இறாத்தல் குறைந்து, வடைக் கணக்கு மட்டும் கூடியிருந்தபோதும், இடைவிடாமல் அலட்டியதற்காகவே அரசாங்கம் நிரந்தர உத்தியோகம் கொடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.