ஆணிக்கு ஒரு பிள்ளை

சங்கரன்கோவிலில் நான் பால்வாடி டீச்சராக இருந்த காலத்தில் எந்தப் பிள்ளைக்கும் பிறந்த தேதி கிடையாது. சேர்க்க வரும் தாய்மாரிடம் கேட்டால், "ஆடித்தபசு கழிஞ்சு மூணாம் நாள் பெறந்தா டீச்சர்" என்பார்கள். எந்த வருஷத்துத் தபசுத் திருவிழா என்றால், "மழை இல்லாத வருசம்." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இந்த ஊரில் எந்த வருஷம்தான் மழை கொட்டித் தீர்த்தது!

அதனால் வயதைக் கைதான் சொல்லும். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் பள்ளிக்கூடம், தொடாவிட்டால் பால்வாடி. என் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. நாள் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் காதைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

சேர்க்கைக்கு நான் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. சுவரில் எத்தனை ஆணியோ அத்தனை பிள்ளை. ஆணிக்கு ஒரு நிறமாகத் துணிக் கிழிசல் கட்டியிருப்பேன். எழுத்துத் தெரியாத வாண்டும் தன் பையைத் தானே மாட்டிவிடும். ஓர் ஆணி காலியானால்தான் அடுத்த பிள்ளை. கெஞ்சினாலும் கிடையாது, சிபாரிசு வந்தாலும் கிடையாது. கறார் டீச்சர் என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். ஒண்டியாக அத்தனை பேரையும் கட்டி மேய்க்கிறவளுக்குத்தானே அந்தப் பாடு தெரியும்.

சாயங்காலமானால் அந்தக் கறாரெல்லாம் போன இடம் தெரியாது. அந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை. வாடகை அறையில் நானும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூப்பிட்டால் குரல் கரகரவென்று வேறு யாருடையதோ போல வரும்.

அந்தச் சாயங்காலங்களில் எனக்கென்று இருந்தவள் ஒரு சிறுமி. அவள் அம்மாவுக்கு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலை. மற்றப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகும் இவள் மட்டும் இருப்பாள். நான் சொன்ன கதையையே எனக்குத் திருப்பிச் சொல்லுவாள், நடுவில் என்னையே அதட்டுவாள். அம்மா ஓட்டமாக ஓடிவந்து, "லேட்டாயிட்டு டீச்சர், கோவிச்சுக்கிடாதிய" என்பாள். நானா கோவிப்பேன்? இன்னும் கொஞ்சம் பிந்தி வரக்கூடாதா என்றுதான் இருக்கும்.

ஜூன் பிறந்ததும் அந்த அம்மாவே கேட்டாள். "இவளப் பள்ளிக்கூடத்துல சேக்கணும் டீச்சர். மொதலாளி லீவு தர மாட்டேங்காரு. நீங்களே கூட்டிட்டுப் போயிருங்களேன்." கேட்க வேறு ஆளே கிடைக்கவில்லையா, பாவி மகளுக்கு!

அதே நாட்களில் இன்னொருத்தி, இடுப்பில் மகனோடு தினமும் காலையில் வாசலில் வந்து நின்றாள். செங்கல் சூளையில் வேலை செய்கிறவள். "நேத்து நடந்தே தீக்கிட்டப் போயிட்டான் டீச்சர். வேலை பாப்பனா, இவனப் பாப்பனா?" என்றாள். ஆணி காலியில்லை என்று திருப்பி அனுப்பினேன். அவள் மறுநாளும் வந்தாள்.

ஒரு காலையில் சிறுமிக்குத் தலைவாரி, பூ வைத்து, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். தலைமையாசிரியர் மேஜைக்கு அப்பால் இருந்தபடியே, "கையத் தூக்கு மக்கா" என்றார். தூக்கினாள். தலைக்கு மேலே கை வளைந்து வந்தது. காதை நெருங்கும்போது விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொண்டாள்.

"எட்டலையே டீச்சர். அடுத்த வருசம் பாப்பம்" என்றார் அவர்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இன்னும் ஒரு வருஷம்! கைக்கு அடியிலிருந்து அவள் என்னைப் பார்த்துக் கள்ளச் சிரிப்புச் சிரித்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன்.

அங்கே வைத்துத்தான் சூளைக்காரியின் மகன் நினைவுக்கு வந்தான். இந்நேரம் அவன் எங்கே நடந்துகொண்டிருப்பான்? எனக்கு ஆள் துணை வேண்டும் என்பதற்காக அந்தப் பிள்ளை நெருப்புப் பக்கத்திலா கிடக்க வேண்டும்? என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. திரும்பி உள்ளே போனேன்.

"சார், இன்னொரு மட்டம் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அவளிடம், "விரல நீட்டு மக்கா" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பைக் காணோம். மெதுவாக விரல்களை நீட்டினாள். காது முழுவதும் கைக்குள் அடங்கிவிட்டது.

"ஏட்டி கள்ளி!" என்று தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே பெயரை எழுதிக்கொண்டார். ஒன்றாம் வகுப்பில் தரையில் உட்கார்ந்திருந்த வரிசையில் அவளைக் கொண்டுபோய் உட்கார வைத்தேன். தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

வராந்தாவைத் தாண்டுவதற்குள் பின்னாலேயே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. யாருக்கும் கேட்காமல், "இனிமே சேட்டை பண்ண மாட்டேன் டீச்சர். என்னையக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள்.

கடவுளே, அவள் ஒரு நாளும் சேட்டை பண்ணினவளே இல்லை.